த்ரிசலா டீச்சரின் சாக்பீஸ் டப்பா

கணக்கு என்றால் பிள்ளைகளுக்குப் பயம் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள். டீச்சருக்கும் பயம் இருக்கலாம் என்று யாருக்காவது தோன்றுகிறதா? அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, இரண்டே வகுப்பறை உள்ள ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே பதினாறு வருடமாக வேலை பார்க்கும் த்ரிசலா டீச்சருக்கு நாற்பத்து நான்கு வயது. நாலு இலக்க எண்ணை ரெண்டு இலக்க எண்ணால் வகுக்கச் சொன்னால் அவளுக்கு இன்றைக்கும் பயம்தான். இந்த விஷயம் அவள் கணவன் அஜிதனுக்குக்கூடத் தெரியாது.

ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஆசிரியர் இரண்டே பேர். ஒருவர் சின்ன வகுப்புகளையும் இன்னொருவர் பெரிய வகுப்புகளையும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. த்ரிசலா வந்து சேர்ந்த முதல் மாதமே தலைமையாசிரியர் உமாசங்கர் சார் கவனித்துவிட்டார். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் புது டீச்சரின் குரல் உள்ளே போய்விடுகிறது. தமிழ்ப் பாட்டு என்றால் பக்கத்து வயலில் களை எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"அஞ்சு கிளாஸுக்கும் தமிழு, மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க டீச்சர். கணக்க நான் வச்சுக்கறேன். எனக்குப் பாட வராது" என்றார் அவர்.

ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மணி அடித்ததும் இருவரும் அறை மாறிக்கொள்வார்கள். பதினைந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எதிரில் வந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மனிதர் என்றால் அவர் மனிதர்.

அந்தப் பயம் எங்கே பிடித்தது என்று த்ரிசலாவுக்கு நன்றாகவே தெரியும். நாலாம் வகுப்பில் பிடித்தது. அவள் படித்த பள்ளியில் கணக்கு வாத்தியார் யாரையும் அடிக்க மாட்டார். கரும்பலகையில் தப்பாகப் போட்டவர்கள் டஸ்டரைத் தொடாமல் உள்ளங்கையாலேயே மொத்தப் பலகையையும் அழிக்க வேண்டும். சாயங்காலம் வரை கையைக் கழுவக் கூடாது. அவ்வளவுதான் தண்டனை. த்ரிசலா வெள்ளைக் கையோடு தெருவில் நடந்து வருவாள். வழியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும். "இன்னிக்கும் வெள்ளையாம்மா?" என்று சிரிப்பார்கள். பாவாடைக்குள் கையை மறைத்துக்கொண்டு வருவாள், பாவாடையும் வெள்ளையாகிவிடும். அப்பா தர்மசந்திரன் ஒன்றும் கேட்காமல் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிடுவார். அவர் ஒன்றும் கேட்காதது இன்னும் மோசமாக இருந்தது. பிளஸ் டூவில் கணக்கே இல்லாத குரூப்பாகத் தேடிச் சேர்ந்தாள். கணக்கிலிருந்து தப்பிக்க நினைத்தவள் எதற்காக டீச்சர் வேலைக்குப் போனாள் என்று கேட்டால், பாட்டு நன்றாகச் சொல்லித் தருவாள் என்று எல்லோரும் சொன்னார்கள், போனாள்.

போன ஜூனில் உமாசங்கர் சார் மாறுதலாகிப் போளூர்ப் பக்கம் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தற்காலிகமாகப் போட்டார்கள். பொறுப்புத் தலைமையாசிரியர், நாலும் ஐந்தும், சத்துணவுக் கூடத்துச் சாவி, கணக்குப் பாடம் எல்லாம் த்ரிசலாவின் தலையில் வந்து விழுந்தன. கிளம்புகிற அன்று சார் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பாத்துக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அவளும் பார்த்துக்கொண்டாள். எப்படி என்றால், தினமும் காலையில் டவுனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது, அன்றைக்குப் போட வேண்டிய நாலு கணக்கைப் போனில் தட்டி, விடையையும் படிகளையும் சாக்பீஸ் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் பென்சிலால் பொடிப் பொடியாக எழுதிக்கொள்வாள். வகுப்பில் மூடியைத் திறந்து மேசைமேல் சாய்த்து வைத்தால் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும். சாக்பீஸ் எடுக்கிற சாக்கில் ஒரு பார்வை, பலகையில் ஒரு வரி. பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆனால் ஆட்டோவில் ஏறும்போது வயிற்றில் ஒரு முறுக்கல் கூடவே ஏறி உட்காரும். பாதி ராஜினாமாக் கடிதம்கூட மனசில் எழுதியிருந்தாள். மகளின் காலேஜ் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்ததால் மீதியை எழுதவில்லை.

ஐந்தாம் வகுப்பில் பதினோரு பேர். அதில் கீதாஞ்சலி என்று ஒருத்தி. அவள் அம்மா தனம் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் அகல் விளக்குக் கடை போடுகிறவள். விளக்குகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக வைக்கோல் சுற்றிக் கட்டி வைப்பது கீதாஞ்சலியின் வேலை. அதனால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவளுக்கு வாயில் இல்லை, கையிலேயே இருந்தது. உமாசங்கர் சார் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டு, சார் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஜன்னலை வேடிக்கை பார்ப்பாள். கணக்கில் ஒருத்தி இப்படிக் கவலையே இல்லாமல் இருக்க முடியுமா என்று த்ரிசலாவுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஆச்சரியம். கொஞ்சம் பொறாமை என்றும் சொல்லலாம்.

ஆகஸ்டில் ஒரு பௌர்ணமி. காலையிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டதால் கிரிவலப் பாதைக்கு வண்டிகளை விடவில்லை. ஷேர் ஆட்டோ பாதி வழியிலேயே இறக்கிவிட்டது. செருப்பில்லாமல் நடக்கிற கூட்டத்துக்குள் செருப்போடு ஓட்டமும் நடையுமாக த்ரிசலா பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். மேசையில் டப்பாவைத் திறந்து வைத்த பிறகுதான் பார்த்தாள், மூடி வெறுமையாக இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்தால்தானே எழுதுவதற்கு?

வகுத்தல் பாடத்தைப் பாதியில் விட்டிருந்தாள். பிள்ளைகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் முன்னால் போனை எடுத்துத் தட்ட மானம் இடம் கொடுக்கவில்லை. கையில் வந்ததைப் பலகையில் எழுதினாள். ஆயிரத்து இருநூற்று இருபத்து நான்கைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். முதல் பன்னிரண்டுக்கு ஒன்று போட்டாள். மீதி ஒன்றுமில்லை. ரெண்டை இறக்கினாள், பன்னிரண்டு அதில் போகாது. நாலையும் இறக்கினாள். இருபத்து நான்கு, ரெண்டு தடவை போகும். விடை பன்னிரண்டு. தானாகவே போட்டுவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"டீச்சர், நூத்தி ரெண்டு" என்றாள் கீதாஞ்சலி, ஜன்னலைப் பார்த்தபடி.

"என்ன நூத்தி ரெண்டு?"

"நூறு டஜனே ஆயிரத்தி இருநூறு ஆச்சே டீச்சர். பன்னெண்டு டஜன்னா நூத்தி நாப்பத்தி நாலு தான் வரும்."

த்ரிசலாவுக்கு அவள் சொன்னது காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. உள்ளங்கை வியர்த்துச் சாக்பீஸ் பிசுபிசுத்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் டீச்சரையே பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் நாற்பத்து நாலு வயதுப் பெண்ணாக இல்லை.

"பலகையில போட்டது தெரியலயா உனக்கு? படி படியா போட்டிருக்கு இல்ல? டஜனு கிஜனுன்னு கடைப் பேச்செல்லாம் இங்க வேணாம். இந்தக் கணக்க இதே மாதிரி பத்து தடவ எழுது" என்றாள். பதினாறு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை. கீதாஞ்சலியின் நோட்டை வாங்கி, அங்கே எழுதியிருந்த நூற்று இரண்டைச் சிவப்பு மையால் அடித்தாள். கோடு பக்கத்தின் பின்பக்கமும் தெரியும்படி அழுத்தி அடித்தாள். பிள்ளை பத்துத் தடவை எழுதிக் கொண்டுவந்தாள். பத்துக்கும் த்ரிசலா சரி போட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அடுப்படியில் நின்றபடி போனில் தட்டிப் பார்த்தாள். நூற்று இரண்டு வந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் அதேதான். அவர்கள் ஜைனக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். அஜிதன் இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வெளியே இருட்டிவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். "நேத்து நான் தப்பா போட்டுட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒன்றைச் சொன்னால் அடுத்ததை யாராவது கேட்பார்கள், அதற்கும் அவளிடம் பதில் இருக்காது. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், ஊர் பேசும், அலுவலகத்துக்குப் போகும். இப்படியெல்லாம் யோசித்தே பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் என்ன செய்தாள் தெரியுமா? திருத்துவதற்கென்று நோட்டுகளை வாங்கி, கீதாஞ்சலியின் நோட்டை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "உன் நோட்டு எங்கயோ மாறிப்போச்சும்மா" என்று புது நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். வகுத்தலை அப்படியே விட்டுவிட்டு அளவைப் பாடத்துக்குத் தாவினாள். மற்றப் பிள்ளைகளின் நோட்டுகளிலும் அதே பன்னிரண்டு இருந்தது, ஆனால் அவற்றில் சிவப்பு அடி இல்லை.

பூட்டிய பீரோவுக்கு முன்னால்தான் தினமும் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கீதாஞ்சலி ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இப்போது அவள் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். கணக்கு கொடுத்தால் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாள். பலகையில் டீச்சர் எழுதியதும் எழுதுவாள். எதுவாவது கேட்டால், "நீங்க போடுங்க டீச்சர், நான் பாத்து எழுதிக்கறேன்" என்பாள். அடக்கமான பிள்ளை என்று யாரும் மெச்சிக்கொள்ளும்படி இருந்தது. த்ரிசலாவுக்கு மட்டும் தெரியும் அது என்ன என்று.

ஒருநாள் தனம் பள்ளிக்கு வந்தாள். கையில் பையோடு வாசலிலேயே நின்றாள்.

"இன்னான்னே தெரியல டீச்சர். காலையில கணக்குப் பீரியடு இருக்குன்னாலே வயித்த வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கறா. மின்னல்லாம் இப்படி இல்ல. விளக்குக் கட்டச் சொன்னாக்கூட, நீயே எண்ணிக் குடும்மாங்கறா. நீங்கதான் கொஞ்சம் அதட்டிச் சொல்லிக் குடுக்கணும். உங்க மேல அவளுக்கு மரியாதை ஜாஸ்தி."

த்ரிசலா "பாத்துக்கறேங்க" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? தனம் போன பிறகு கழுவும் தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தன்னை அழவைத்த வாத்தியாரை முப்பத்தைந்து வருடமாக அவள் மன்னித்ததில்லை. அவராவது தப்பாகப் போட்டவர்களைத்தான் தண்டித்தார். தான் சரியாகச் சொன்னவளைத் தண்டித்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்ற அந்த இடத்தில்தான் முழுதாக உறைத்தது. உறைத்தும் அவள் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் ஓடிற்று.

செப்டம்பர் கடைசியில் வட்டார அலுவலகத்திலிருந்து அருணாதேவி என்ற அம்மாள் பள்ளியைப் பார்வையிட வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. கெட்டவர் இல்லை, வேகமானவர்; அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் இன்னும் இரண்டு இருந்தன. பின் பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஏன் தலையே நிமிராம உக்காந்திருக்கா? வாம்மா, ஒரு கணக்கு போடு. ஆயிரத்தி இருநூத்தி முப்பத்தாறு, பன்னெண்டால வகு."

கீதாஞ்சலி எழுந்து போனாள். எழுதுவதற்கு முன்னால் திரும்பி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு படி படியாக எழுதினாள். ஒன்று போட்டாள். மூன்றை இறக்கினாள், போகாது. ஆறையும் இறக்கினாள். மூன்று தடவை. விடை பதின்மூன்று. பத்துத் தடவை எழுதிப் பழகிய கை ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அடியில் கோடும் போட்டுவிட்டு, சரிதானே என்று மறுபடியும் த்ரிசலாவைப் பார்த்தாள்.

த்ரிசலா பலகையில் இருந்த வரிகளைப் பார்த்தாள். அது அவளுடைய தப்பு. அச்சு அசலாக அவளுடையது, இன்னொருத்தி கையெழுத்தில்.

"நடுவுல பூஜ்யத்த முழுங்கிட்டா பாருங்க. நூத்தி மூணு வரணும். அஞ்சாவதுல இது கூட வரலன்னா அடிப்படையே இல்லன்னு அர்த்தம்" என்றார் அருணாதேவி, குரலை உயர்த்தாமல். "மெல்லக் கற்கறவங்க பட்டியல்ல இவ பேரு இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"சேத்துடுங்க டீச்சர். அந்தப் பட்டியல் ஆறாவதுக்கும் கூடவே போவும், அங்க தனியா உக்கார வச்சு சொல்லித் தருவாங்க. இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க, நான் கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."

பட்டியலுக்கான தாளை மேசைமேல் வைத்தார். த்ரிசலா பேனாவை எடுத்தாள். கீதாஞ்சலி பலகை அருகிலேயே நின்றாள், போய் உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது, பீரோ பூட்டியபடியே இருக்கும், அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளையும் வேறு பள்ளிக்குப் போய்விடும். பெயரில் முதல் எழுத்தை எழுதினாள். அடுத்த எழுத்துக்குப் பேனா நகரவில்லை. பலகையில் எழுதி முடித்த பிள்ளை தன் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவாடையில் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள்.

த்ரிசலா பேனாவை மூடினாள். இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்து, நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அருணாதேவியின் முன்னால் வைத்தாள்.

"மேடம், இவ பேர எழுத முடியாதுங்க. இதப் பாருங்க. அன்னிக்கு இவ சரியாத்தான் போட்டா. நான்தான் அடிச்சேன். தப்பா சொல்லிக் குடுத்து, பத்து தடவ எழுத வச்சேன். இப்ப இவ போட்டது இவ தப்பு இல்ல, என்னுது."

அருணாதேவி சிவப்புக் கோட்டைப் பார்த்தார், பத்துச் சரிகளையும் பார்த்தார்.

"அப்புறமாவது திருத்திச் சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு மேடம்" என்றாள் த்ரிசலா. "எனக்குக் கணக்குன்னா சின்ன வயசுலேந்தே பயம். தினம் விடைய இந்த மூடியில எழுதிக்கிட்டு வந்துதான் நடத்தறேன்." டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். அன்றைய நாலு விடைகள் பென்சிலில் இருந்தன. சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது என்றெல்லாம் ஒன்றுமில்லை. அவமானமாக இருந்தது.

"இத நான் எழுதித்தான் ஆவணும் டீச்சர்."

"எழுதுங்க மேடம்."

அவர் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். என்ன எழுதுவார், மெமோ வருமா, பயிற்சிக்கு அனுப்புவார்களா, ஊர் என்ன பேசும், ஒன்றும் தெரியாது. த்ரிசலா பலகைப் பக்கம் திரும்பினாள். கீதாஞ்சலி ஒரு கையில் சாக்பீஸும் ஒரு கையில் டஸ்டருமாக நின்றாள். அழவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை.

"அன்னிக்கு நீ சொன்னதுதான் சரிம்மா. டஜன் கணக்கு சொன்னியே, அதான் சரி. டீச்சர்தான் தப்பு. இப்பப் போடு."

பிள்ளை யோசித்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"அப்ப நான் எத எழுதணும் டீச்சர்?"

நூற்று மூன்று என்று சொல்லிவிடலாம். மேடம் சொன்னதை அவளும் கேட்டிருப்பாள். சொன்னால் உடனே எழுதுவாள், அடியில் கோடும் போடுவாள். இனி யார் எதைச் சொன்னாலும் எழுதுவாள்.

"எனக்குத் தெரியலம்மா. நீயே போடு" என்றாள்.

பிள்ளை பதின்மூன்றை அழித்தாள். ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பி டீச்சர் முகத்தைப் பார்த்தாள். மூன்றை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சரியா தப்பா என்று அந்த முகத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். அதைப் பார்த்ததும் த்ரிசலா மேசைமேலிருந்த டப்பாவை மூடினாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பலகைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

பெஞ்சில் யாரோ இருமினார்கள். அருணாதேவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. த்ரிசலா திரும்பவில்லை. மடியில் இருந்த கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, "நூறு டஜனு..." என்று கீதாஞ்சலி தனக்குள் முணுமுணுப்பது கேட்டது, சாக்பீஸ் பலகையைத் தொடுகிற சத்தமும் கேட்டது.